காற்று நீங்கலாக

ஆனி பிறந்து எட்டாம் நாள்,
ஆரல்வாய்மொழிக் கணவாயில்
ஒலி அளக்க வந்திருக்கிறோம்.
தேதி குறித்தவர் சென்னைக்காரர்.

மேசை விரிப்பு முதலில் பறந்தது,
பிறகு படிவம், அதன் நகல் இரண்டு.
யாரும் சுடுமுன்னே
மீட்டரில் எண்பதைத் தொட்டுத் தொட்டு நின்றது எண்.
"காற்று நீங்கலாக எழுதிக்கிடும் வே" என்றார்
இன்ஸ்பெக்டர் எட்வின் செல்லையா.
எவ்வளவு நீக்க என்று நான் கேட்கவில்லை.

கறுப்பு ஸ்பான்ஜில் பதிந்து மூன்று குழல்கள்.
சைலன்ஸர் என்றேன்.
கம்பெனிப் பையன் நிமேஷ் திருத்தினான்:
சப்ரஸர் சார். அமைதி தராது, கொஞ்சம் அடக்கும்.
இருபத்தாறு வருடத்தில்
ஆயுதம் விற்க வந்தவன் வாயில்
நான் கேட்ட முதல் நேர்மை.

படகுக்கும் படிக்கட்டுக்கும் தோதாகக்
குட்டைத் துப்பாக்கி வாங்கியது போன வருடம்.
நீளம் போனது, கோபம் மிஞ்சியது.
உள்ளே எரிந்து தீராத மருந்து
வாய்க்கு வெளியே வந்து எரிகிறது.
அதை அடக்க இப்போது
வெட்டிய நீளத்தை வேறு விலைக்கு வாங்கித்
திரும்ப மாட்டப்போகிறோம்.

முதல் குழல் நீளம். நன்றாக அடக்கியது.
முன்பக்கம் கனத்து, ஆறாவது குண்டில்
ஷைனியின் மணிக்கட்டு நடுங்கியது.
இரண்டாவது கைக்குள் அடங்கும், பார்க்க அழகு.
மாட்டிச் சுட்டதற்கும் மாட்டாமல் சுட்டதற்கும்
அண்ணன் தம்பி வித்தியாசம்.
மூன்றாவது அடக்கியது,
அடக்கியதையெல்லாம்
சுட்டவள் முகத்திலேயே ஊதியது.
"ஈர விறகு அடுப்பு ஊதின மாதிரி இருக்கு சார்"
கண்ணைக் கசக்கினாள் ஷைனி.

மூன்றுக்கும் பொதுவாய் ஒன்று:
குண்டு போகிற வழியெல்லாம்
துணி கிழிவது போல் ஒரு கீறல்.
ஒலியை முந்தி ஓடுவது
தன் சத்தத்தைத் தானே சுமந்து போகிறது.
அதற்குக் குழல் கிடையாது என்றான் நிமேஷ்.

மீட்டர் தோற்றதும் மயில்களை வைத்து அளந்தேன்.
பாறைமேல் நான்கு.
வெறும் துப்பாக்கிக்கு நான்கும் எழுந்து பறந்து,
திரும்பி வந்து உட்கார அரைமணி நேரம்.
முதல் குழலுக்கு இரண்டு தலைகள் திரும்பின.
இரண்டாவதுக்கு நான்கு.
மூன்றாவதுக்கு ஒன்று அகவியது,
அது மழைக்காகவும் இருக்கலாம்.
படிவத்தில் மயிலுக்கு இடமில்லை.

காதில் பஞ்சை மட்டும் அடைத்துச் சுட்ட காலத்தவன் நான்.
இடக்காதில் ஒரு சில்வண்டு
பதினோரு வருடமாய் வாடகையின்றி இருக்கிறது.
தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ ஏலம் கூவுகையில்
வலப்பக்கத்தான் சொல்லும் விலைதான் எனக்கு விலை.
இடப்பக்கம் படுத்து லீலாபாய் சொன்னவை
எத்தனையோ.
பலதுக்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

"எதுவே நல்லது?" என்றார் எட்வின்.

யாருக்கு?
ஷைனிக்கு இருபத்துநாலு வயது,
இரண்டு காதும் முழுசு.
படகில் அவளை ஒட்டி உட்காரும் ஜெபசிங்குக்கும்தான்.
எதிரே நிற்பவனைப் பற்றிப்
படிவம் கேட்கவில்லை.
தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு ராத்திரி
வானத்தைப் பார்த்து ஒரேயொரு வெடி வைத்தோம்.
பதினேழு பேர் ஓடினார்கள்.
பதினேழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.
சுட்டது குண்டு, ஓடவைத்தது சத்தம்.

முதல் குழல் என்று எழுதினேன்.
காரணம்: கனம் பழகும், காது பழகாது.
குறிப்பு: சுடுமுன் உரக்கக் குரல் கொடுக்க வேண்டும்,
எதிரே இருப்பவனுக்குக் கேட்கும்படி.
"குறிப்புக்கு இடமில்லையே வே."
ஓரத்தில் எழுதினேன்.

கையெழுத்திடும்போது காற்று தாளைப் பிடுங்கியது.
மேலே வைத்து அழுத்த
எதையோ எடுக்கக் கை நீட்டினேன்.
ஷைனி ஏதோ சொன்னாள், இடப்பக்கம்.
ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது.
திரும்பி, "என்னது பிள்ளே?" என்றேன்.

"தொடாதீங்க சார்.
குழல் சூடு இன்னும் ஆறல."