ஓரத்தில் பென்சில்

தபால் கந்தோரில் உருளையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு
"உள்ளே என்ன?" என்றார் ஹப்புத்தளைப் பார்சல்காரர்.
"படம்."
"என்ன படம்?"
"பிளேன்."
போர்மில் அவர் எழுதினார்: கடதாசி.
சரிதான். இரண்டு மாதச் சம்பளக் கடதாசி.

ஆயிரத்து இருநூறில் நூற்று எழுபத்து மூன்றாவது பிரதி.
ஒரு ஹரிக்கேன் இடப்பக்கம் சரிந்து
மேகத்தை விட்டு இறங்குகிறது.
கீழே, தேயிலை என்று ஓவியர் நம்பிய ஏதோ ஒரு பச்சை.
முள்முருங்கை இல்லை. லயம் இல்லை.
கவ்வாத்து வெட்டிய மலைக்குரிய
அந்த மொட்டைத் தலையும் இல்லை.
வந்து பார்க்காதவர்; மன்னித்தேன்.
நான் காசு கொடுப்பது ஓரத்துக்கு.

வெள்ளை ஓரத்தில் பென்சிலால் இரண்டு பெயர்.
சுட்டவர் ஒருவர்.
சுடப்பட்டும் எப்படியோ கப்பலுக்குத்
திரும்பிப் போய்ச் சேர்ந்தவர் மற்றவர்.
தொண்ணூறு வயதில் இருவரும் ஒரே மேசையில்.
முதல் பெயர் நேராகத் தொடங்கி
கடைசி எழுத்தில் மூக்குக் குத்தி இறங்குகிறது.
மற்றது மேலிருந்து கீழாக, நான்கு எழுத்து,
அழுத்தியதில் தாள் பள்ளம் விழுந்திருக்கிறது.
விரலால் தடவினால் தெரியும்.
தடவக் கூடாது.
தடவியிருக்கிறேன்.

தொழிற்சாலைக் கிளாக்கர் நான்.
சம்பள நாளில் நூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு வாங்குகிறவன்.
கை நடுங்குவது பயத்தாலா, வயதாலா என்று
ஓரளவு சொல்லிவிடுவேன்.

பிரேம் போடுவது பண்டாரவளை நிஸ்தார்.
"கண்ணாடி படத்தில ஒட்டவே கூடா,
எங்கட பனிக்குப் பசி கூட."
மார்கழியில் ஜன்னலை அடைத்துவிட்டு
பகலிலும் நாற்பது வாட் பல்பை எரிய விடுவேன்.
புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருமே,
தின்னக் கூடாது என்று எழுதிய சின்னப் பொட்டலம்,
அதை ஊரெல்லாம் கேட்டு வாங்கி
பிரேமுக்குப் பின்னால் சொருகியிருக்கிறேன்.
"புள்ளைக்கு இருமல் வந்தப்ப
இந்த பல்பு எங்க இருந்துச்சு?" என்பாள் புஷ்பமேரி.

ஆனாலும் வந்துவிட்டது.
வலது மூலையில், அந்தப் பொய்ப் பச்சைக்கு நடுவே
ஒரு வெள்ளைப் புள்ளி. அரிசியில் பாதி.
பூஞ்சணம் என்றார் நிஸ்தார், பார்த்த உடனே.
பூதக்கண்ணாடியில் எனக்கு அது வேறு மாதிரி:
கூடைக் கயிறு நெற்றியில் இழுக்க
அண்ணாந்து நிற்கிறாள் ஒருத்தி.
ஓவியர் மறந்ததை ஈரம் வரைந்திருக்கிறது.
துடைக்கக் கொடுக்கவில்லை.

மாசியில் அக்கா வந்தாள், கிளிநொச்சியிலிருந்து.
எழுபத்தேழில் லயத்தைக் கொளுத்தியபோது
அத்தானோடு வடக்கே போனவள்.
அத்தான் இப்போது இல்லை.
மூன்று நாள் இருந்தாள்.
மூன்று நாளும் கதிரையைத் திருப்பிப் போட்டு
சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.
இது அந்தக் காலத்துச் சண்டை அக்கா,
பெறகு ரெண்டு பேரும் கூட்டாளி ஆகிட்டாங்க,
பாரு, ஒரே தாள்ல கையெழுத்து.
அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.
"எங்க மேல வந்தவன்
எந்தத் தாள்ல போட்டான்?"
நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன்.
செம்பு நிறைந்துதான் இருந்தது.

புறப்படும் காலை. பஸ்ஸுக்கு இன்னும் நேரம்.
பையைக் கீழே வைத்துவிட்டு
முதல் தடவையாகப் படத்தருகே போனாள்.
பிளேனைப் பார்க்கவில்லை.
நான் இரண்டு மாதம் உழைத்து வாங்கிய ஓரத்தையும்
பார்க்கவில்லை.
மூலைக்குக் குனிந்தாள், மூச்சு கண்ணாடியில் படிய.
"இது ஆளுதானே?"
ம்.
"நிக்கிறாளே," என்றாள்.
"நிக்கக் கூடாது.
படுக்கச் சொல்லு."