காற்றெடுத்தல்

மூன்று நாளாய்ப் பேசாதவர்
இன்றிரவு பேசிய முதல் சொல்:
"அமுக்கு."

அமுக்கினேன்.
கந்தப்பொளை மேட்டில், கோயிலுக்குப் பின்னால்,
ஒரு ஜெக்கும் இரண்டு ரயில் கட்டையும்
தூக்கிப் பிடித்திருக்கும் எங்கள் பழைய எல்ஃப் லொறி.
டிரைவர் சீட்டில் நான்.
பின் இடது வீலுக்குள் தலையை விட்டபடி இவர்.
இடப்பக்கக் கண்ணாடியில் தெரிவதெல்லாம்
இவருடைய செருப்பும்
போன் வெளிச்சத்தில் பறக்கும் பனியும்.

"புடி. விட்டுறாத."
என் காலுக்கடியில் மிதி மெல்ல இறங்குகிறது,
மழைக்குப் பிறகு கான் ஓரத்து மண்ணில்
குதிகால் இறங்குவதுபோல.
அங்கே நிப்பிள் திறந்திருக்கிறது.
இருமல் பாணிப் போத்தலுக்குள்
காற்று கொப்புளிக்கும் சத்தம்.
பிறகு ஸ்பெனர் இறுகும் கிறீச்.
"விடு."

நேற்று முழுக்க இந்த வீலோடுதான் கிடந்தார்.
ட்ரம்மைக் கழற்றவே அரைமணி நேரச் சுத்தியல்.
உள்ளே சிலிண்டர் கசிந்து
லைனிங் இரண்டும் எண்ணெயில் ஊறிக் கிடந்தன.
நுவரெலியாவில் வாங்கிய கிட்டில்
ரப்பர் கப் ஒரு நூல் பெரிது.
திரும்பவும் பஸ் ஏறி மாற்றி வந்தார்.
துருவை வோட்டர் பேப்பரால் தேய்த்தார்.
கராஜில் பதினெட்டாயிரம் கேட்டானாம்,
சிரித்துக்கொண்டே கேட்டானாம்.
இதெல்லாம் என்னிடம் சொல்லவில்லை.
எனக்குக் கேட்கும்படி
மகனிடம் சத்தமாகச் சொன்னார்.

பேச்சு நின்றது ஒரு டயரால்.
முட்டையிட ஒளிந்த கோழியைத் தேடி
லொறிக்கடியில் குனிந்தேன்.
கோழி இருந்தது.
ஸ்பெயார் டயர் இருந்த இடத்தில்
சங்கிலி மட்டும் தொங்கியது.
"வித்துட்டேன்" என்றார்.
யாருக்கு, எவ்வளவுக்கு, எதுக்கு என்று கேட்டேன்.
சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அமுக்கு."
"புடி."
"விடு."
"கல்லு மாதிரி இருக்கா?"

இல்லை.
அடியில் இன்னும் ஒரு மெத்து.
முதல் மிதிக்குப் பணிந்து போகிறது,
மூன்றாம் மிதிக்குத்தான் முறைக்கிறது.
"இல்ல" என்றேன்.
"மணி பதினொண்ணு. ரெண்டு மணிக்கு லீக்ஸ் ஏத்தணும்."
"இல்லன்னா இல்ல."

பிரேக் ஒயில் போத்தலில் ஒரு விரல் அளவுதான் மிச்சம்.
எழுந்து வந்தார்.
என்னை இறக்கிவிட்டுத்
தானே ஏறி மிதித்துப் பார்ப்பார் என்று நினைத்தேன்.
பார்க்கவில்லை.
நேராகப் போய் விமலசிறி வீட்டுக் கதவைத் தட்டினார்.
நாய் குரைத்தது.
"மொக்கத மருதை, இந்த நேரத்தில?"
அரைப்போத்தலோடு திரும்பினார்.

நான் வண்டி ஓட்டியதில்லை. லைசன் இல்லை.
மிதியின் ரப்பர்
இவர் பெருவிரலுக்கு ஒரு பள்ளமாய்த் தேய்ந்திருக்கிறது.
என் கால் அதில் உட்காராமல்
ஓரத்தில் நிற்கிறது,
பகலெல்லாம் கொழுந்துக் கூடையைச்
சரிவில் நிறுத்திய கால்.
ஏழு தரம். எட்டு தரம்.
ஒன்பதாவதில் மிதி பாதியிலேயே நின்றது.
சீட்டை விட்டு எழும்பி
முழுப் பாரத்தையும் போட்டேன்.
அசையவில்லை.

"இப்ப கல்லு."

பின்னாலிருந்து பதிலில்லை.
ஸ்பெனரைத் துணியில் துடைக்கிற சத்தம்.
பிறகு,
"ஏழாயிரத்துக்கு" என்றார்.
மூன்று கேள்வியில் ஒன்றுக்கு.

ஒன்றரைக்கு வண்டி கிளம்பியது.
தோட்டத்து வளைவில் இரண்டு தரம்
வேண்டுமென்றே பிரேக் பிடித்துப் பார்த்தார்.
சிவப்பு வெளிச்சம் பனியில் பட்டுப் பட்டு அணைந்தது.

படுத்தேன்.
இப்போது லீக்ஸ் ஏற்றியிருப்பார்.
இப்போது றம்பொடை இறக்கம்.
ஒரு வளைவு. அடுத்தது.
ஸ்பெயார் டயர் இல்லாத வண்டி.

"ஏம்மா உதைக்கிற?" என்றான் மகன்,
தூக்கத்திலேயே
கம்பளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.