பதினோரு பிராங்க் வெள்ளை

சுண்ணாம்புக்கு மட்டும் பதினோரு பிராங்க்.
ஊவாஸ் நதியைப் பார்த்த சுவர் முழுக்க
மூன்று பூச்சு, வெள்ளை.
அந்த ஓவியன் ஊதா அடித்து வைத்திருக்கிறான்.

அக்கரையில் முக்காலி போட்டு
ஒன்பது நாள் உட்கார்ந்தவன்.
பதினான்கு ஜன்னல் என் மாவு ஆலைக்கு;
படத்தில் எண்ணினேன், ஆறு,
அதிலும் இரண்டு வெறும் ஈரம்.
கதவே இல்லை.
"கதவு எங்கே ஐயா?"
"அந்நேரம் அங்கே மூடுபனி நின்றிருந்தது," என்றான்,
யாரோ விருந்தாளியைச் சொல்வதுபோல.

தண்ணீரில் மட்டும் தாராளம்.
கூரை உடைந்து உடைந்து
ஆரஞ்சுத் துணுக்குகளாய்
மதகு வரை மிதக்கிறது.
என் ஓட்டில் ஒரு கீறல் கிடையாது.
இதைக் கடையில் மாட்டினால்
எந்த வியாபாரி எனக்குக் கோதுமை அனுப்புவான்?

காசு தரமாட்டேன் என்றேன்.
வாதாடவில்லை. காயாத படத்தைத்
தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனான்.

அக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை.
பெர்னெலின் படகு அக்கரையில் நின்றது.
கணக்குச் சீட்டோடு போனவன்
திரும்பிப் பார்த்தேன். மணி ஏழே கால்.
சுவர்
ஊதாவாக இருந்தது.

கதவைத் தேடினேன்.
அரவைக்கல் சுற்றுவது கேட்கிறது,
காஸ்பார் இருமுவது கேட்கிறது;
ஆலையைக் காணோம்.
எட்டு மணிக்குள் எல்லாம் திரும்பிவிட்டது,
பதினான்கு ஜன்னலும்.

ஓர்தான்ஸிடம் சொல்லவில்லை.
சொன்னால் சுண்ணாம்புக் கணக்கை எடுப்பாள்.
புதன்கிழமையும் போனேன்,
கையில் சீட்டு எதுவும் இல்லாமல்.