இரண்டாவது துண்டு

மாங்குளம் சந்தியில் கொமினிக்கேசன் வைத்திருக்கும் பெடியன்
என் சுயவிபரக் கோவையை அடித்துத் தந்தான்.
பக்கம் எண்பது ரூபா.
பொழுதுபோக்கு வாசித்தல் என்று அவனாகவே போட்டான்,
எல்லாருக்கும் அப்பிடித்தானாம்.
நான் சேர்க்கச் சொன்னது ஒன்றே ஒன்று:
குருதி வகை, பி பொசிட்டிவ்.
"அது தேவையில்லை அக்கா."
பதினொரு வருசம் நெஞ்சுக்கவசத்தில் சுமந்த எழுத்து.
போடு என்றேன்.

ஒரு மீற்றர் அகலப் பாதை,
இரண்டு பக்கமும் சிவப்புத் தலைக் கட்டைகள்,
நடுவில் முழங்காலில் நான்.
ஐம்பது நிமிடம் வேலை, பத்து நிமிடம் தண்ணீர்.
சத்தம் வந்த இடமெல்லாம் வெடியில்லை,
ஆணி, மீன் ரின், குடைக் கம்பி,
ஒருமுறை ஒரு கொலுசு.
அம்பகாமத்தில் கடைசித் துண்டு நிலத்தைக் கையளித்த அன்று
கேக் வெட்டினார்கள்.
அடுத்த மாதம் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
திறமாய் முடித்தால் இல்லாமல் போகிற வேலை.

இரவில் சுகந்தமலர் போனில் கேள்வி கேட்டாள்,
நான் மா வறுத்துக்கொண்டே பதில் சொன்னேன்.
"உம்மடை பலவீனம் என்ன?"
"எனக்கு அவசரப்படத் தெரியாது."
"ஐயோ, அதைச் சொல்லிப்போடாதையும்!
கார்மென்ட்ஸ்காரருக்கு அவசரம்தான் சோறு.
குறையில்லாமல் முடிக்கோணும் எண்ட பிடிவாதம்,
அப்பிடிச் சொல்லும்."
ரெண்டும் ஒண்டுதானே என்றேன்.
மா கருகிவிட்டது.

கிளிநொச்சி. வாசலில் பன்னிரண்டு பேர்,
எல்லாரும் என்னிலும் பத்து வயது குறைவு.
பூட்ஸ் போட்டுப் பழகிய கால்
புதுச் செருப்பில் வழுக்கியது.

முகாமையாளர் பிரசன்ன.
அவருடைய தமிழ் ஒவ்வொரு சொல்லாக
வைத்துப் பார்த்து, பிறகு நடந்தது.
எனக்குப் பழக்கமான நடை.
"ஏன் முந்தின வேலை விட்டீங்க?"
"நிலம் முடிஞ்சுது சேர்."
"குருதி வகை எதுக்கு?"
சொன்னேன். பேனையைக் கீழே வைத்தார்.
"என்ன வாசிப்பீங்க?"
"அது கடைப் பெடியன் போட்டது."
பக்கத்தில் இருந்த மிஸ் சிரித்துவிட்டா.

பிறகு ஒரு கொப்பியைத் திறந்து காட்டினார்.
தைக்கையில் ஊசி முறிந்தால்
அத்தனை துண்டும் கிடைக்கவேண்டும்.
செலோடேப்பில் ஒட்டி, நேரம் எழுதி, கையெழுத்து வைத்து.
நுனி ஒன்று குறைந்தாலும் உடுப்பு வெளியே போகாது,
எங்கோ ஒரு பிள்ளையின் கழுத்தில் குத்தும்.
கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

"ஒரு துண்டு காணேல்ல. சுப்பவைசர் கத்துறாங்க. என்ன செய்வீங்க?"
"லைனை நிப்பாட்டுவன்."
"எவ்வளவு நேரம்?"
"கிடைக்குமட்டும்."

மேசையில் ஒரு குழந்தைச் சட்டையை வைத்தார்.
உள்ளே ஒன்று ஒளித்திருக்கிறதாம். ஐந்து நிமிடம்.
கதிரையைத் தள்ளிவிட்டு முழங்காலில் இருந்தேன்.
யோசித்துச் செய்யவில்லை,
மேசை அப்போதுதான் சரியான உயரத்துக்கு வந்தது.
விரலகலப் பாதைகளாகச் சட்டையைப் பிரித்து
மனதுக்குள் கட்டை நட்டேன்.
அழுத்தாமல். இடமிருந்து வலம்.
காலர் மடிப்பில் இருந்தது.
"சரி, போதும்" என்றார்.
"முடியேல்லை சேர்."
பார்க்காத இடத்தைப் பார்த்ததாக எழுதக்கூடாது.
இடது கைமடிப்பின் தையலுக்குள் இன்னொன்று,
அரிசிக் குறுணியில் பாதி.

அவர் வைத்தது ஒன்று.

இரண்டு பேரும் சிங்களத்தில் ஏதோ பேசினார்கள்.
நான் செலோடேப் கேட்டேன்.

சம்பளம் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.
மாங்குளம் வரை பஸ் விடுவார்களாம்.
திங்கள் காலை ஏழு மணிக்கு,
மூடின சப்பாத்தோடு.

பஸ் நிலையத்தில் செருப்பைக் கழற்றிக் குதியைப் பார்த்தேன்,
நன்றாக வெட்டியிருந்தது.
சுகந்தமலர் எடுத்தாள்.
"பலவீனம் கேட்டவங்களோ?"
"இல்லையடி," என்றேன்,
"அதை மட்டும் கேக்கேல்லை."