யுவர்ஸ்

முப்பிடாதி என்ற பெயரை
அந்த ஊர் அறிவிப்பாளர் நாலாக உடைத்து
ஒரு துண்டை விழுங்கிவிட்டு
மிச்சத்தை ஒலிபெருக்கியில் விட்டார்.
எனக்கு பியூலா. தப்பித்தேன்.

கூரை எங்கோ உயரத்தில் இருந்தது.
ஏசிக் காற்று இடப்பக்கமிருந்து
இறகுப்பந்தை லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தது.
மற்ற ஜோடிகள் புகார் எழுதிக் கொடுத்தார்கள்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
காற்றாம், காற்று!
ஆடியில் பணகுடிக்கு வந்து பாருங்கம்மா.

கார்க்கில் குண்டூசி குத்திக் கனம் ஏற்றி
பஞ்சு குடோனில் ஆடியவர்கள் நாங்கள்.
தென்பக்கம் இரண்டு தகரம் கிடையாது.
அடித்த பந்து போன வழியே திரும்பி வந்து
அடித்தவள் காலடியிலேயே விழும்.
நடுவில் வந்தால் இருவரும் பாய்வோம்.
"எனக்குளா!"
"போட்டி, எனக்கு!"
என் இடது புருவத்தில் மூன்று தையல்,
அவள் மட்டை போட்டது.
அவள் சுண்டுவிரல் இன்றும் முழுசாக மடங்காது,
அது என் கைவேலை.

பயிற்சி முகாமில் முதலில் அதைத்தான் சரிசெய்தார்கள்.
தரையில் டேப் ஒட்டினார்கள்:
இதுவரை நீ, அதற்கப்பால் அவள்.
மைன், யுவர்ஸ் என்று
எட்டு மாதம் சொல்லிச் சொல்லி
நாக்கு அதற்குப் படிந்துவிட்டது.
அப்புறம் நாங்கள் மோதவே இல்லை.

காலிறுதி. மூன்றாவது ஆட்டம்.
பத்தொன்பது, இருபது.
எதிரே குட்டையான பெண்,
மூச்சு வாங்கி முழங்காலைப் பிடித்து நின்றவள்,
அடிக்கவில்லை. சும்மா தொட்டாள்.
விருந்துக்கு வந்தவர்
செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற மாதிரி
பந்து வந்தது, எங்கள் நடுவே.
யுவர்ஸ் என்றேன்.
யுவர்ஸ் என்றாள்.

அவ்வளவு மரியாதை.

விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.
இறகுக்கு ஏது சத்தம் என்று கேட்காதீர்கள்.

மூன்று நாள் அந்தப் பந்தைப் பற்றி
அவளும் பேசவில்லை, நானும்.
விமானத்தில் தன் தலையணையை எனக்குத் தந்தாள்.
தேங்க்ஸ் என்றேன்.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜங்ஷனில் இறங்கி, புது பஸ் ஸ்டாண்டில்
நாகர்கோவில் வண்டி. இராத்திரி பதினொன்றரை.
மட்டைப் பைக்கு லக்கேஜ் கேட்டார் கண்டக்டர்.
நாங்குநேரி தாண்டியும்
ஜன்னலையே பார்த்திருந்தவள்
வள்ளியூர் விளக்குகள் பின்னால் போனதும் திரும்பினாள்.
"அது ஒனக்குள்ளதுதாம்ளா."

"எனக்கா? ஒன் ஃபோர்ஹேண்டுக்குல்லா வந்துச்சு!"
"நீ ஒரு எட்டு முன்னால நின்ன. கை நீட்டுனா எட்டும்."
"பின்னால போனதப் பாக்க
எனக்குப் பொடதிலயா கண்ணு இருக்கு?"

பிள்ளைகளா, ஆள் ஒறங்குதுல்லா என்றார் கண்டக்டர்.
அவள் என் தோளில் ஒன்று வைத்தாள்.
நான் திருப்பி வைத்தேன்.
முன் சீட்டில் பாதித் தூக்கத்தில் ஒருவர்
தலையை மட்டும் திருப்பினார்:
"என்னம்மா, வரப்புத் தகராறா?"
"ஆமா அண்ணாச்சி"
இருவரும், ஒரே நேரத்தில்.

பணகுடி விலக்கில் இறங்கினோம்.
இருட்டில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்.
காற்று வந்து பையைப் பிடித்து இழுத்தது.
அவள் இன்னும் முடிக்கவில்லை.
நானும்.