என்மேல் ஆணை

"இடமா, வலமா?" என்று கேட்கிறாள் தாபிவா.
பதினான்கு நாளுக்கு ஒருமுறை
என்னிடம் விட்டுவைத்திருக்கும் முடிவு இது ஒன்றுதான்.
போன முறை இடம். அதனால் வலம்.
யோசிப்பதுபோல் கொஞ்சம் தாமதிப்பேன்.
இருப்பதே ஒன்று, அதைச் சட்டென்று செலவழிப்பானேன்?

அவள் காரில் எந்தப் பெயரும் எழுதியிருக்காது.
அடையாள அட்டையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டுதான் இறங்குவாள்.
ஆனாலும் எதிர்வீட்டு டெனிஸ்
ஒரு வியாழன் விட்டு மறு வியாழன்
திரைச்சீலையை ஒரு விரல் அகலம் விலக்குவார்.
கிரிம்ஸ்பியில் மீன் வாடையையும் மறைக்க முடியாது,
இதையும்.

பூட்டி வைக்கவில்லை என்னை.
என் கதவுச் சாவி என்னிடம்தான்.
ஆஸ்பத்திரி என்னை வெளியே அனுப்பிவிட்டு
தானும் கூடவே கிளம்பி வந்து
சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது,
அவ்வளவுதான்.

மார்ச்சில் விசாரணை. மூன்று பேர், ஒரு தண்ணீர்க் குவளை.
"ஆணையை எடுத்துவிட்டால்
மருந்தைத் தொடர்வீர்களா, மிஸ் பிளாஞ்சர்ட்?"
தொடர்வேன் என்றேன்.
ஆணை வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டார்கள்.
அதற்கு முந்தின வருடம் மாட்டேன் என்றிருந்தேன்.
ஆணை தேவைப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள்.
பத்தொன்பது வருடம் ஹாடக் மீனை
முள்ளிலிருந்து பிரித்தவள் நான்.
இருபக்கமும் கூரான கத்தியைப்
பிடியில்லாமல் நீட்டினால் தெரியாதா எனக்கு?

என்மேல் ஆணை என்று
ஊரார் சத்தியம் செய்வார்கள், உலகம் நம்பும்.
என்மேல் நிஜமாகவே ஓர் ஆணை இருக்கிறது,
முத்திரையோடு, தேதியோடு.
அதனால்தான் என் பேச்சில் எதுவும்
சத்தியமாக ஏறுவதில்லை.

சரி, அந்த ஜனவரியையும் சொல்லிவிடுகிறேன்.
ஊசியை விட்டு ஏழு மாதம்.
கிளீத்தோர்ப்ஸ் சேற்றுவெளியில் வெறுங்காலோடு நின்றேன்.
கடல் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.
லோர்னா. லோர்னா.
அவ்வளவு வாஞ்சையாக
அதற்கு முன்னும் பின்னும் யாரும்...
நீர் ஏறியது தெரியவில்லை.
நாயோடு வந்த பையன் ஒருவன் போலீசைக் கூப்பிட்டானாம்.
தங்கை ஜோஸி வார்டு வராந்தாவில்
என் ஈரக் கோட்டைப் பிழிந்துகொண்டே இருந்தாளாம்,
சொட்டு நின்ற பிறகும்.

இப்போது கடல் வெறும் கடல்.
அதற்கு என் பெயர் தெரியாது.
உயிரோடிருக்கிறேன். பன்னிரண்டு கிலோ அதிகமாக.
உட்கார்ந்தால் கால்கள் தாமாக நடக்கின்றன.
ஜோஸி நன்றாகத் தூங்குகிறாள்.
"உன் தூக்கத்தைத்தான் என் சதையில் குத்துகிறார்கள்"
என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.
ஒரு வாரம் போன் இல்லை.

தங்க ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்வதா என்பார்கள்.
கண்ணில் இல்லை,
இடுப்புக்குக் கீழே, மரியாதையாகத்தான் குத்துகிறார்கள்.

இன்று கேட்டேன்: "வேண்டாம் என்றால்?"
"போன் செய்வேன். அவர்கள் கடிதம் அனுப்புவார்கள்.
அப்புறம் வேன்."
"வேனில் நீயும் வருவாயா?"
தாபிவா தன் ஷூவைப் பார்த்தாள்.
"நீயாக இருந்தால் போட்டுக்கொள்வாயா?"

வெளியே கடற்காகம் ஒன்று
டெனிஸின் குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"தெரியலை, லோர்னா."

நான்கு வருடத்தில் இந்த வீட்டில் பேசப்பட்டு
கோப்பில் ஏறாத முதல் வாக்கியம்.

வலம் என்றேன்.
எண்ணெய் மருந்து, மெதுவாகத்தான் இறங்கும்.
பிறகு பாவாடையைச் சரிசெய்துகொண்டு கெண்டியை வைத்தேன்.
"சர்க்கரை ஒன்றா, இரண்டா?"
அவளும் யோசிப்பதுபோல்
கொஞ்சம் தாமதித்தாள்.