வெற்றுக் கட்டம்

முகத்துவாரத்தில் ஐந்தரைக்கே எஞ்சின் பிடித்துவிட்டது.
களனி கங்கை நேற்றுப் பெய்த மழையையெல்லாம்
பால் விடாத தேநீராய்க் கடலில் ஊற்றியிருந்தது.
"இன்னைக்கி ஒன்னும் தெரியாது மிஸ்" என்றார் கமிலஸ்.
தெரியாது என்பதையும் எழுதவேண்டும் என்றேன்.
எழுதினேன்:
தெளிவு, இரண்டு மீற்றர்.

பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில்
ஐம்பது மீற்றர் நாடாவை விரிக்கிறோம்.
மூன்றாம் குறுக்குத்தெருவில் துணி கிழிப்பவர்கூட
இவ்வளவு கவனமாய் அளப்பதில்லை.
அரை மீற்றருக்கு ஒரு புள்ளி.
புள்ளிக்குக் கீழே எது இருக்கிறதோ அது.
முருகை. முருகை. மணல்.
செத்த முருகை, அதன்மேல் பாசி.
வலைத் துண்டு.
முருகை.

பிடித்ததை எண்ணக்கூடாது, அதுதான் முறை.
நாடாவுக்கு ஒரு முழம் தள்ளி
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மேசைமுருகை
கலியாண வீட்டுப் பந்தி அளவுக்கு விரிந்திருந்தது.
கணக்கில் இல்லை.
ரிஃப்கான் அதைப் பார்த்தான், பிறகு என்னை.
முகமூடிக்குள் இரண்டு பேரும் சிரித்திருப்போம்,
குமிழிகள் கொஞ்சம் கூடுதலாய் மேலே போயின.

பிற்பகல். நான்காம் மாடி.
குளிரூட்டி சொட்டும் இடத்தில் ஒரு ஐஸ்கிறீம் டப்பா.
விரிதாளில் பதினொரு வருடம்.
வடக்குப் பார், களவாய் மீன்:
ஏழு, நான்கு, நான்கு, ஒன்று, பூச்சியம், பூச்சியம்.
பூச்சியம் என்றால் போனோம், தேடினோம், இல்லை.
வெற்றுக் கட்டம் என்றால்
போகவே இல்லை.
தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை.

வெற்றுக் கட்டங்களுக்கும் காரணம் உண்டு.
வைகாசியில் தொடங்கிச் சோளகம் அடிக்கும் மாதங்கள்.
தெருநாய்களும் நாங்களும் மட்டும் வெளியே பார்த்த ஊரடங்கு,
நாய்கள் வாசலில், நாங்கள் யன்னலில்.
பிறகு அந்த வருடம்,
நிரப்பு நிலைய வரிசையில் எங்கள் கான்கள்
கயிற்றால் ஒன்றோடொன்று கட்டுண்டு
மூன்று இரவு தெருவில் தூங்கின.
அப்போது பாரில் மீன் இருந்ததா என்று
மீனைத்தான் கேட்கவேண்டும்.

திங்கள், பத்தரமுல்லையில் கூட்டம்.
கடற்பூங்காவின் எல்லைக்கோடு எங்கே?
எந்தப் பாரை மூடுவது, எதைத் திறந்து விடுவது?
பணிப்பாளர் நல்ல மனிதர், அவசரக்காரர்.
"இடைவெளியைச் சராசரியால் நிரப்பலாமே,
வரைபு அழகாய் வரும்."
அழகாய்த்தான் வரும்.
உள்ளே யாரும் வாழாத வீட்டுக்குப் பூசிய சுண்ணாம்பு மாதிரி.

பின்வரிசையில் கமிலஸ் எழுந்தார்.
முதலில் சிங்களத்தில், பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில்:
"நீங்க வராத மாசமும் நான் போனேன், மிஸ்.
கெடச்ச பதினைஞ்சு லீற்றர்ல."
சட்டைப் பையிலிருந்து
விழாத லொத்தர் சீட்டுகள், ரப்பர் போட்டு ஒரு கட்டு.
ஒவ்வொன்றின் பின்புறமும் திகதி, கிலோ, பாரின் பெயர்.
ஒரு சீட்டில்: வடக்கு, களவாய், முப்பத்தொரு கிலோ,
எல்லாம் சினை.

அறையில் யாரோ தண்ணீர்ப் போத்தலைத் திருகினார்கள்.
அந்தச் சீட்டு உள்ளே போனால்
அவருடைய பார்தான் மூடும்.
அவருக்கும் அது தெரியும்,
தெரிந்துதான் கட்டை மேசையில் வைத்தார்.

பிடித்த மீனும் பார்த்த மீனும் ஒன்றல்ல.
வெற்றுக் கட்டத்தை நான் தொடவில்லை,
பக்கத்தில் புதிதாய் ஒரு நிரல் திறந்தேன்.
தலைப்புக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.

மின்தூக்கி வேலை செய்யவில்லை. படியிறங்கும்போது கேட்டார்,
"மூடினா எத்தன வருசத்தில திரும்பி வரும்?"
தெரியாது என்றேன்.
"அதையும் எழுதுங்க."

வியாழன் மறுபடி போகவேண்டும்.
எரிபொருள் விண்ணப்பத்தில்
கையெழுத்து இன்னும் விழவில்லை.